அறுபத்து மூன்று பாட்டுப் புத்தகங்கள்

2007 அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அமெரிக்காவிலிருந்து மூன்று மரப்பெட்டிகள் அல் குசைஸ் குடோனுக்கு வந்து இறங்கின. உள்ளே அறுபத்து மூன்று பழைய பாட்டுப் புத்தகங்கள். அங்கே ஒரு சின்ன ஊரின் மியூசியம் அவற்றை இரவலாக அனுப்பியிருந்தது. துபாயில் ஒரு பெரிய வியாபாரி, பாட்டுக்கும் இசைக்கும் என்றே சொந்தமாக ஒரு மியூசியம் கட்டி முடித்திருந்தார். அடுத்த வாரம் புதன்கிழமை திறப்பு விழா. அதுவரை பொருள்களெல்லாம் அவருடைய பழைய குடோன் ஒன்றில்தான் இருந்தன.

அந்தக் குடோனுக்குள் மியூசியப் பொருள்களை வைத்திருந்த ஸ்டோருக்குப் பொறுப்பு வசந்தகுமாரி. பாளையங்கோட்டைக்காரி. ஊரில் ஒரு பெண்கள் கல்லூரியில் எட்டு வருஷம் நூலகராக இருந்தவள். கணவன் ரவிசங்கருக்கு ஷார்ஜாவில் கட்டட கம்பெனி ஒன்றில் வேலை. மூன்று வருஷம் வீட்டில் சும்மா இருந்து அலுத்துப்போன பிறகு கிடைத்த வேலை இது. வருகிற ஒவ்வொரு பொருளையும் திறந்து பார்த்து, போட்டோ எடுத்து, எங்கே கீறல், எங்கே கறை என்று எழுதி வைக்க வேண்டும். அவளுக்கு அது பிடித்திருந்தது.

பெட்டிகளை இறக்கியவர்கள் முனியசாமியும் ஜெயசீலனும். முனியசாமி முதுகுளத்தூர்ப் பக்கம், நாற்பத்தைந்து வயது. ஜெயசீலன் சாயர்புரம், பத்து வயது இளையவர். இவர்கள் உட்பட ஆறு பேருக்கு, அதே முதலாளியின் மீன் கோல்ட் ஸ்டோரேஜில் ராத்திரி டூட்டி. காலையில் ஏழு மணிக்கு வந்து படுத்தால் சாயங்காலம் நாலு மணி வரை தூக்கம். படுக்கை ஸ்டோரை ஒட்டிய ஓர் அறையில். நடுவில் இருந்தது செங்கல் சுவர் இல்லை. வெறும் ஜிப்சம் தடுப்பு. குடோனில் ஆட்களைத் தங்க வைக்கக் கூடாது. ஆனால் தொழிலாளர் கேம்ப் ரொம்பத் தூரம் என்று ஆறேழு மாதமாக அங்கேயே இருந்தார்கள். டூட்டிக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் மியூசியத்துக்கும் கை கொடுப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த காகிதத்தை உடனே பிரிக்கக் கூடாது, புது இடத்தின் காற்றுக்குப் பழக வேண்டும் என்பதால் பெட்டிகளை ஒரு நாள் அப்படியே விட்டுவிட்டு, திங்கட்கிழமை சாயங்காலம்தான் திறந்தார்கள். முனியசாமி திருகாணிகளைக் கழற்றினார். ஜெயசீலன் மூடியைத் தூக்கினார். வசந்தகுமாரி கையுறை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தாள்.

எல்லாம் நூறு, நூற்றைம்பது வருஷத்துப் புத்தகங்கள். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான உள்ளங்கையளவுப் புத்தகங்கள். குடியை விட்டுவிடச் சொல்லும் சங்கத்துப் பாட்டுகள். அடிமைகளை விடுவிக்கக் கூட்டம் போட்டுப் பாடிய பாட்டுகள். பியானோ வாசித்த பணக்கார வீட்டுப் பெண்கள், தாள்தாளாக வாங்கிய பாட்டுகளைச் சேர்த்துத் தைத்து, அட்டையில் தங்கள் பெயரைப் பொன்னெழுத்தில் போட்டுக்கொண்ட கனமான தொகுப்புகள். சிப்பாய்கள் சட்டைப்பையில் வைத்திருந்த மெல்லிய புத்தகம் ஒன்றின் முதல் தாளில், சேர்ந்து பாடிய ஏழு பேரின் பெயர்கள் பென்சிலில் இருந்தன. அதில் ஐந்து பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. ஒரே நாளில் அடித்தது போல இல்லை. ஒவ்வொரு கோடும் ஒவ்வொரு மாதிரி இருந்தது. வசந்தகுமாரி அதைப் படம் எடுத்துவிட்டு, சட்டென்று மூடி வைத்தாள்.

அகலவாட்டில் நீண்ட ஒரு புத்தகத்தைத் திறந்தபோது ஜெயசீலன் அருகில் வந்து எட்டிப் பார்த்தார்.

"மேடம், இது என்ன, நோட்டெல்லாம் முக்கோணமும் சதுரமுமா இருக்கு?"

"படிக்கத் தெரியாதவங்க சட்டுனு பாடிப் பழகணும்னு ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு வடிவம் வச்சிருக்காங்க. உங்களுக்கு நோட்டு தெரியுமா?"

"எங்க சர்ச் கொயர்ல பதினாலு வருசம் டெனர் பாடியிருக்கேன் மேடம். வடிவம் புரியல. ஆனா கோட்டு மேல எங்க நிக்குதுன்னு பார்த்தா வந்துரும்."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு வார்த்தை இல்லாமல், தொண்டைக்குள்ளேயே பாடினார். மீன் பெட்டி தூக்கும் மனிதருக்குள் அப்படியொரு குரல் இருக்கும் என்று வசந்தகுமாரி எதிர்பார்க்கவில்லை. தகரக் கூரைக்கு அடியில் அது வட்டமாகச் சுற்றி வந்தது. முனியசாமி திருப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

நாலாவது வரியில் ஜெயசீலன் நிறுத்திவிட்டார்.

"என்னாச்சு? நல்லாத்தானே இருந்துது."

"இது எனக்குத் தெரிஞ்ச ராகம் மேடம். எங்க ஊர்ல தமிழ் வார்த்தை போட்டுப் பாடுவோம்." கொஞ்சம் தயங்கினார். "அடக்கத்துக்குப் போறப்ப பாடுறது. சும்மா இருக்கப்ப பாடக் கூடாதும்பாங்க."

"அமெரிக்காக்காரன் பாட்டு உங்க ஊருக்கு எப்படி வந்துச்சு?" என்று முனியசாமி கேட்டார். ஜெயசீலன் சிரித்துவிட்டு டூட்டிக்கு நேரமாகிறது என்று கிளம்பினார்.

மூன்றாவது பெட்டியை அன்று வசந்தகுமாரி தனியாகத்தான் காலி செய்தாள். அடியில் இருந்த பெரிய பக்திப் பாடல் புத்தகத்தைத் தூக்கியபோது, வெள்ளைத் தாளின் மேல் மாவு சிந்தியது போலப் பழுப்பாக ஏதோ கிடந்தது. லென்ஸை வைத்துப் பார்த்தாள். புத்தகத்தின் முதுகில் குண்டூசி நுழையுமளவு ஓட்டைகள். சாமணத்தால் தட்டினாள். ஓட்டையிலிருந்து வெள்ளையாக ஒரு புழு தலையை நீட்டி, மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டது.

*

மியூசியத்தின் ஆபரேஷன்ஸ் மேனேஜர் பாலமுரளி. சென்னைக்காரர். நாற்பது வயது, எப்போதும் இரண்டு போன். செவ்வாய்க்கிழமை காலை அவரிடம் போய்ச் சொன்னாள்.

"மூணாவது பெட்டி முழுக்க இருக்கலாம் சார். மத்ததுக்கும் பரவியிருக்கலாம். பிளாஸ்டிக்ல சுத்தி ஃப்ரீஸர்ல வைக்கணும். மைனஸ் முப்பது. ரெண்டு வாரம்."

"ரெண்டு வாரமா? அடுத்த புதன்கிழமை ஓப்பனிங் வசந்தா. ஷேக்கெல்லாம் வராங்க. காலி அலமாரியைக் காட்டச் சொல்றீங்களா?"

"அவங்க ஒப்பந்தத்துலயே இருக்கு சார், மருந்து எதுவும் அடிக்கக் கூடாதுன்னு. நாம அமெரிக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிட்டா…"

"வேண்டாம். சனிக்கிழமை அவங்க ஆள் நேர்ல வராங்க. அதுக்குள்ள நான் பார்த்துக்கறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

வசந்தகுமாரி தன் மேசைக்குப் போய், சொன்னதையெல்லாம் அவருக்கு மெயிலாகவும் எழுதி, படங்களையும் சேர்த்து அனுப்பினாள். பதில் ஒரே வார்த்தையில் வந்தது: ஓகே.

வியாழக்கிழமை மதியம் பாலமுரளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். குள்ளமான ஆள். யூனிஃபார்ம் இல்லை, கழுத்தில் கார்டு இல்லை. தோளில் ஒரு பை. ஸ்டோருக்குள் போய் மூலை மூலையாகப் பார்த்தார். ஏசி துவாரத்துக்கு நேரே நின்று விரலை எச்சிலில் நனைத்துக் காற்றைப் பார்த்தார். பிறகு தடுப்புச் சுவரைத் தட்டினார். டொக் டொக் என்று காலியாகக் கேட்டது. அந்தச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பழைய ஏசி குழாய் போன ஓட்டை ஒன்று இருந்தது. பழந்துணியைத் திணித்து வைத்திருந்தார்கள்.

"உதர் கௌன் சோத்தா ஹை?" என்று அந்த ஆள் ஹிந்தியில் கேட்டார். அந்தப் பக்கம் யார் படுக்கிறார்கள் என்று.

"கோயி நஹி," என்றார் பாலமுரளி. யாருமில்லை.

வசந்தகுமாரி நாலடி தள்ளி, கையில் ஃபைலோடு நின்றிருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் அப்போது ஆறு பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். யாரோ புரண்டு படுத்ததில் கட்டில் கிறீச்சிட்டதுகூட அவளுக்குக் கேட்டது. வாயைத் திறந்தாள். பாலமுரளி அவளைத் திரும்பிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை, சாதாரணமாகத்தான் பார்த்தார். அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டுத்தான் செய்வார் போல, அதைத்தான் இந்த ஆளிடம் சுருக்கமாகச் சொல்கிறார் போல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஆள் போன பிறகு கேட்டாள்: "சார், புகை மருந்து போடப் போறாங்களா?"

"சாதா ஸ்ப்ரேதான். நாளைக்கு லீவு தானே, நீங்க வீட்ல ரெஸ்ட் எடுங்க."

கிளம்பும்போது ஸ்டோர் மேசைக்கு அடியில் பழுப்பு டேப் சுருள்கள் அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தாள். எண்ணிப் பார்க்கவில்லை, பத்துக்கு மேல் இருக்கும். ஸ்ப்ரே அடிக்க இத்தனை டேப் எதற்கு என்று காரில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

*

வெள்ளிக்கிழமை காலை ரவிசங்கர் சலூனுக்குப் போய் வந்து, பேப்பரோடு சோபாவில் உட்கார்ந்திருந்தான். வசந்தகுமாரி சாம்பாருக்குப் பருப்பை அடுப்பில் வைத்துவிட்டு, மூன்று விசில் வந்தும் அணைக்காமல் நின்றாள்.

"என்ன யோசனை?"

"ஒண்ணுமில்ல. முனியசாமி அண்ணனுக்கு ஒரு போன் போட்டுப் பாக்கட்டா?"

"தூங்குறவரை ஏன் எழுப்புறே?"

அவள் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும் யாரும் எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்த குரல் தூக்கத்தில் குழறியது போல இருந்தது.

"மேடமா? சொல்லுங்க."

"சும்மாதான் அண்ணே. எல்லாரும் எங்க இருக்கீங்க? ரூம்லயா?"

"வேற எங்க போக? ஒரே தலவலி மேடம். ஜெயசீலன் ஒம்பது மணில இருந்து வாந்தி எடுத்துக்கிட்டுக் கெடக்கான். நேத்து சாப்பிட்ட மீனு ஒத்துக்கலன்டு நெனைக்கிறேன். எனக்கும் நெஞ்சு ஒரு மாதிரியா இருக்கு."

"ஏதாவது வாசம் வருதா?"

"எவனோ பூண்டு வதக்குறான் போல. காலைல வந்ததுல இருந்து ஒரே பூண்டு நாத்தம். இங்க பக்கத்துல சமையக்கட்டு எதுவும் இல்லையேண்டு…"

வசந்தகுமாரிக்கு அந்த வாசம் தெரியும். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தபோது, பக்கத்து ரேஷன் குடோனில் அரிசி மூட்டைக்கு மாத்திரை வைத்த நாள்களில் இதே பூண்டு வாசம் காற்றில் வரும். காற்றில் இருக்கிற ஈரம் பட்டே அந்த மாத்திரை விஷமாகப் புகையும். நூலகத்தைப் பூட்டிவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

"அண்ணே, கேளுங்க. அது பூண்டு இல்ல. விஷ வாயு. எல்லாரையும் எழுப்புங்க. ஒண்ணும் எடுக்க வேண்டாம், அப்படியே வெளிய வாங்க. ரோட்டுக்கு வாங்க. இப்பவே!"

"என்ன மேடம் சொல்றீங்க…"

"வெளிய வாங்கண்ணே!"

ரவிசங்கர் பேப்பரை மடித்துவிட்டு எழுந்திருந்தான். "உன் மேனேஜரைக் கேட்டுட்டுப் போலாமா? நாளைக்கு உன்னைத்தான் கேப்பாங்க, யார் உன்னை வரச் சொன்னான்னு."

"நீங்க வரலைன்னா நான் டாக்ஸி பிடிச்சுப் போறேன்."

அவள் அடுப்பை அணைப்பதற்குள், சாவியை எடுத்துக்கொண்டு அவன் முதலில் படி இறங்கினான். போகும் வழியிலேயே அவள் 999க்கு அடித்து ஆம்புலன்ஸ் கேட்டாள். குடோனின் பெயரைச் சொன்னாள். தெருவுக்குப் பெயர் இல்லாததால், எதிரே இருக்கும் டயர் கடையைச் சொன்னாள்.

*

நாலு பேர் வெளிச்சுவர் ஓரமாக வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் தலையை முழங்காலில் கவிழ்த்து வைத்திருந்தார். லுங்கியும் பனியனுமாக முனியசாமி நிற்க முடியாமல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜெயசீலனத் தூக்க முடியல மேடம். ரெண்டு தடவ போனேன். கண்ணு இருட்டுது."

ரவிசங்கர் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். வசந்தகுமாரி வாசலில் நின்று எண்ணினாள். நாற்பது வரை எண்ணியபோது, அவன் ஜெயசீலனை அக்குளுக்கு அடியில் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாட்டில் வந்தான். கதவு திறந்த அந்த நொடியில் உள்ளேயிருந்து வாடை அடித்தது. பூண்டும் அழுகிய மீனும் சேர்ந்த வாடை.

ஸ்டோரின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கதவு இடுக்கு முழுக்க மேலிருந்து கீழே பழுப்பு டேப். ஏசி துவாரத்திலும் டேப். அங்கிருந்து ஒரு துளி காற்று வெளியே போகாதபடி எல்லாவற்றையும் அடைத்திருந்தார்கள். ஆட்கள் படுக்கும் அறையின் திறந்த கதவு வழியே தடுப்புச் சுவர் தெரிந்தது; அதில் துணி திணித்த ஓட்டையை மட்டும் யாரும் தொடவில்லை.

ஜெயசீலனுக்கு நினைவு தெளிவாகவே இருந்தது. டயர் கடைக்காரர் கொண்டுவந்த அட்டையை விரித்து நிழலில் படுக்க வைத்தார்கள். முகம் வெளுத்து, உதடு நீலமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல மேடம். அந்தச் சாளை மீனு. நான் அப்பவே சொன்னேன் இவங்ககிட்ட."

"பேசாதீங்க. ஆம்புலன்ஸ் வந்துட்டு இருக்கு."

"இன்னைக்கு டூட்டிக்குப் போகலைன்னா ஃபோர்மேன் ஏசுவான். நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க."

சொல்கிறேன் என்றாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடி அடிக்கடி தளர்ந்து, மறுபடி இறுகியது. ஆம்புலன்ஸ் வர பதினைந்து நிமிஷம் ஆயிற்று.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் என்ன மருந்து என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அரிசிக்கு வைக்கிற மாத்திரையாக இருக்கும் என்று வசந்தகுமாரி சொன்னதும் அவர் முகம் மாறியது. அதற்கு மாற்று மருந்து கிடையாது, உடம்பு தாங்குகிறதா என்று பார்க்க வேண்டியதுதான் என்றார். ஐந்து பேரின் உடம்பு தாங்கியது. ஜெயசீலன் சாயங்காலம் நாலரை மணிக்கு இறந்துபோனார். அவருடைய கட்டில்தான் தடுப்புச் சுவரை ஒட்டி இருந்தது, தலைமாட்டுக்கு நேரே அந்த ஓட்டை.

*

பாலமுரளி ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தார். சட்டையெல்லாம் வியர்வை. வசந்தகுமாரியைத் தனியாக வராண்டாவுக்குக் கூப்பிட்டார்.

"ஃபுட் பாய்ஸன். ஆறு பேரும் ஒரே மீனைத்தான் சாப்பிட்டிருக்காங்க. அவங்களே அப்படித்தான் சொல்றாங்க."

"சார், கதவுல டேப்பை நான் கண்ணால பார்த்தேன்."

"எந்த டேப்?"

அவர் நிதானமாகப் பேசினார்.

"ஸ்டோர் திறந்து கிடக்கு. ஃபேன் ஓடிட்டு இருக்கு. போய்ப் பாருங்க, டேப்பும் இல்ல, மருந்து டின்னும் இல்ல. வசந்தா, போனவர் போயிட்டார். கஃபீலுக்கு, அதான் நம்ம முதலாளிக்கு, கோபம் வந்தா இங்க இருக்கிற எல்லாருடைய விசாவும் கலாஸ், முடிஞ்சுது. அந்த அஞ்சு பேரையும் சேர்த்துத்தான் சொல்றேன். புழு இருக்குன்னு ரிப்போர்ட் கொடுத்ததே நீங்கதான். அதையும் யோசிங்க."

அன்று போலீஸ்காரர் ஒருவர் வந்து பெயர்களை எழுதிக்கொண்டு போனார். மீனைப் பற்றியும் எழுதிக்கொண்டார். வீட்டுக்கு வந்த வசந்தகுமாரி சாப்பிடவில்லை. அடுப்பில் பருப்பு அப்படியே இருந்தது. ரவிசங்கர் இருமிக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு இருமலுக்கும் அவள் திடுக்கிட்டு அவன் முகத்தைப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு பாலமுரளி போன் செய்தார். அமெரிக்க மியூசியத்து அம்மா வந்தாயிற்று, பத்து மணிக்கு ஸ்டோருக்கு வருகிறார், நீங்கள் இருந்தே ஆக வேண்டும்.

"போகாதே," என்றான் ரவிசங்கர்.

"போகணும்," என்றாள்.

ஸ்டோர் பளிச்சென்று இருந்தது. எலுமிச்சை வாசனையோடு ஃபினாயில் போட்டுத் துடைத்திருந்தார்கள். சுவர் ஓட்டையைப் புதிதாக சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். இன்னும் ஈரமாக இருந்தது. பக்கத்து அறையில் கட்டில்கள்கூட இல்லை. அங்கே அட்டைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள், பத்து வருஷமாக அவை மட்டுமே அங்கே இருந்தது போல.

வந்தவருக்கு அறுபது வயதிருக்கும். வெள்ளை முடியை இறுகக் கட்டியிருந்தார். அந்தச் சின்ன ஊர் மியூசியத்தில் இருபத்தாறு வருஷமாக இந்தப் புத்தகங்களைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். பயணக் களைப்பைப் பொருட்படுத்தாமல் நேரே மேசைக்கு வந்து, முதல் புத்தகத்தைச் சுற்றியிருந்த மெல்லிய தாளைப் பிரித்தார். கைக்கடக்கமான பக்திப் பாடல் புத்தகம். அதை மூடி வைக்கும் பித்தளைக் கொக்கி கரிப்பிடித்தது போலக் கறுத்திருந்தது.

அவர் அடுத்ததைப் பிரித்தார். அதிலும் கொக்கி கறுப்பு. பணக்கார வீட்டுப் பெண்ணின் பெயர் போட்ட தொகுப்பில் பொன்னெழுத்துகள் பச்சையும் கறுப்புமாகத் திரிந்து, பெயரையே படிக்க முடியவில்லை. பொன் என்று நினைத்திருந்தது பித்தளைப் பொடிதான் போல. ஒன்பதாவது புத்தகத்தோடு அவர் கை நின்றுவிட்டது.

"இவை இப்படி வரவில்லை," என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "இங்கே என்ன நடந்தது?"

"இங்க ஈரப்பதம் அதிகம் மேடம்," என்றார் பாலமுரளி. "கடல் பக்கம் இல்லையா?"

"ஐந்து நாளிலா?" அந்த அம்மாள் வசந்தகுமாரியின் பக்கம் திரும்பினார். "நீங்கள்தானே திங்கட்கிழமை இவற்றைப் பதிவு செய்தீர்கள்?"

வசந்தகுமாரி தன் ஃபைலிலிருந்து திங்கட்கிழமை எடுத்த போட்டோக்களை எடுத்து மேசையில் வரிசையாகப் பரப்பினாள். அதில் கொக்கிகள் மஞ்சளாக மின்னின.

"வசந்தா," என்றார் பாலமுரளி தமிழில், தாழ்ந்த குரலில். "யோசிச்சுப் பேசுங்க."

"புழு இருந்தது," என்று அவள் ஆங்கிலத்தில் அந்த அம்மாளிடம் சொன்னாள். "நான் ஃப்ரீஸரில் வைக்கச் சொன்னேன். வியாழக்கிழமை ராத்திரி இந்த அறையை அடைத்து விஷ மாத்திரை வைத்தார்கள். இந்தச் சுவருக்குப் பின்னால் காலையில் ஆறு பேர் வந்து படுத்தார்கள். ஒருவர் நேற்று செத்துப்போனார்."

அந்த அம்மாள் கையிலிருந்த புத்தகத்தை மேசையில் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை. வெளியே டயர் கடையில் யாரோ சுத்தியலால் அடிக்கும் சத்தம் கேட்டது.

"போலீஸைக் கூப்பிடுங்கள்," என்றார். "அவர்கள் வரும்வரை இந்த மேசையை யாரும் தொடக் கூடாது. நான் இங்கேயே உட்கார்ந்திருக்கப் போகிறேன்."

நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். பாலமுரளி ஒரு போனில் பேசிக்கொண்டே வெளியே போனார். திரும்பி வரவில்லை.

*

போலீஸ் வந்து கொக்கிகளின் கறுப்பைச் சுரண்டி எடுத்துப் போனது. அந்த விஷப்புகை பட்டால் பித்தளையும் செம்பும் கறுத்துவிடும் என்றார்கள். சுவரின் சுவிட்ச் பெட்டியைக் கழற்றினால் உள்ளே செம்புக் கம்பிகளும் அதே கறுப்பு. டாக்டர் எடுத்து வைத்திருந்த ரத்தத்தின் பரிசோதனை முடிவும் சில நாளில் வந்தது. அதற்குப் பிறகு யாரும் மீனைப் பற்றிப் பேசவில்லை. பாலமுரளியை விமான நிலையத்தில் பிடித்தார்கள். மாத்திரை வைத்த ஆள் அகப்படவேயில்லை; அவர் பெயர்கூடச் சரியாக யாருக்கும் தெரியவில்லை. மியூசியம் மூன்று மாதம் கழித்து சத்தமில்லாமல் திறந்தது. பாட்டுப் புத்தகங்கள் அதில் இல்லை. அந்த அம்மாள் அறுபத்து மூன்றையும் திரும்பக் கொண்டுபோய்விட்டார். வசந்தகுமாரிக்கு வேலை போயிற்று. மூன்று தடவை கோர்ட்டுக்குப் போய், மொழிபெயர்ப்பாளரை வைத்துச் சாட்சி சொன்னாள்.

ஜெயசீலனின் உடல் ஊருக்குப் போய்ச் சேர்ந்த எட்டாம் நாள், அவர் மனைவி ஜோதிமணி போன் செய்தாள். முனியசாமி நம்பர் கொடுத்திருந்தாராம்.

"அக்கா, கடைசியில நீங்கதான் பக்கத்துல இருந்தீங்களாம்."

"ஆமா ஜோதிமணி. ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும்."

"ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

"பேசிக்கிட்டுத்தான் இருந்தாங்க. டூட்டிக்குப் போகணும்னு சொன்னாங்க."

அந்தப் பக்கம் அழுகை கேட்டது. அடங்கும்வரை வசந்தகுமாரி காத்திருந்தாள். பிறகு, சொல்ல வேண்டாம் என்று ரவிசங்கர் எத்தனையோ தடவை சொல்லியிருந்ததைச் சொன்னாள்.

"ஜோதிமணி, உனக்கு ஒண்ணு தெரியணும். மருந்து வைக்க வந்தவன், அந்தப் பக்கம் யார் படுக்காங்கன்னு கேட்டான். மேனேஜர் யாருமில்லைன்னு சொன்னார். நான் அங்க நின்னேன். எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் சொல்லல."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள்.

"ஏன்க்கா சொல்லல?" என்றாள் ஜோதிமணி. கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது.

"தெரியல," என்றாள் வசந்தகுமாரி. ஜோதிமணி போனை வைத்துவிட்டாள். மறுபடி ஒருநாளும் கூப்பிடவில்லை. கிறிஸ்துமஸுக்கு வசந்தகுமாரி கூப்பிட்டபோதும் எடுக்கவில்லை.

மீதி ஐந்து பேரில் மூவர் ஊருக்குப் போய்விட்டார்கள். முனியசாமிக்கு ராஸ் அல் கைமாவில் ஒரு டைல்ஸ் ஃபாக்டரியில் வேறு விசா கிடைத்தது. பிப்ரவரியில் ஒரு நாள் அவர் போன் செய்தார்.

"மேடம், ரூம் நல்லாத்தான் இருக்கு. கேம்ப்தான், குடோன் இல்ல. ஆனா பின்னாடி ஒரு பூட்டுன ரூம் இருக்கு. உள்ள என்ன இருக்குண்டு யாரக் கேட்டாலும் தெரியலங்குறான். வாசம் ஒண்ணும் வரல. இருந்தாலும் மூணு நாளாக் கண்ண மூட முடியல."

அடுத்த வெள்ளிக்கிழமை வசந்தகுமாரியும் ரவிசங்கரும் ஒன்றரை மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு அங்கே போனார்கள். சிமென்ட் தூசியில் மலையே மங்கலாகத் தெரிந்தது. அங்கே மேற்பார்வை பார்க்கும் கேம்ப் பாஸ் செய்கு முகம்மது கீழக்கரைக்காரர். முதலில் முறைத்தார், பிறகு விஷயம் கேட்டுவிட்டு சாவிக் கொத்தை எடுத்து வந்தார். பூட்டைத் திறந்தார்கள். உள்ளே உடைந்த டைல்ஸ் பெட்டிகளும் சக்கரம் போன இரண்டு தள்ளுவண்டிகளும் மட்டும் இருந்தன. வசந்தகுமாரி ஒவ்வொரு பெட்டியையும் நகர்த்திப் பார்த்தாள். தரையில் குனிந்து சுவரோரமாகக் கையால் தடவிக்கொண்டே போனாள். ஓட்டை எதுவும் இல்லை.

"பாத்தீங்களா, ஒண்ணும் இல்ல," என்றார் செய்கு முகம்மது. "நிம்மதியா உள்ள படுங்கண்ணே."

முனியசாமி தலையாட்டினார். டீ வாங்கி வந்து மூவருக்கும் கொடுத்தார். அவர்கள் கிளம்பிக் காரைத் திருப்பும்போது, அவர் தன் மெத்தையைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு, வெயில் காய்ந்துகொண்டிருந்த வெளி வராண்டாவை நோக்கி நடந்தார்.